வீடு திரும்பல் நடைமுறை

சிவப்பு விழுந்துவிட்டது. அதைத் தனதாக்கிக்கொள்ள இன்னுமொரு காயைக் குழிக்குள் தள்ள வேண்டும். லாபிர் குறி பார்த்து விரலைத் திரையில் வைத்த நேரம் பார்த்து, கரம் போர்ட் மறைந்தது. அந்த இடத்தில் தொப்பி போட்ட கரடிக்குட்டி ஒன்று வந்து கையாட்டியது.

“அன்பார்ந்த வீரரே! நீங்கள் நெடுங்காலமாக வீடு திரும்பவில்லை என அறிந்து கவலையடைகிறோம். உங்கள் பாதுகாப்புக் கருதி உங்கள் கணக்கைப் பூட்டியுள்ளோம். பத்திரமாக வீடு திரும்புங்கள். இப்படிக்கு, ஜொலிபஸார் மகிழ்ச்சிப் பிரிவு.”

ஜொலிபஸார் என்பது போனுக்குள் இருக்கிற விளையாட்டுக் கடை. எந்தச் சந்தியிலும் அதற்குக் கட்டடம் கிடையாது; பூட்டுவதற்கு மட்டும் கதவு இருக்கிறது. லாபிர் மருதனார்மடம் சந்தியில் ஓட்டோக்களுக்கு சீற் தைக்கிறவர். ஐம்பது வயதாகியும் அவரை ஒருவரும் வீரர் என்று கூப்பிட்டதில்லை. அவர் வீடு திரும்பாததைப் பற்றி ஒருவரும் கவலைப்பட்டதும் இல்லை. தொண்ணூறில் யாழ்ப்பாணத்து முஸ்லிம் சனம் எல்லாவற்றையும் விட்டு வெளியேற வேண்டி வந்தபோது அவருக்கு மீசை அரும்புகிற வயது. பிறகு புத்தளத்தில் கலியாணம் கட்டினார், பிள்ளை பெற்றார், வீடும் கட்டினார். ஆனால் வாய் திறந்தால் திரும்பிப் போகிற கதைதான். போன நோன்புக்கு முந்தின நோன்பு முடிந்த கையோடு ஒருவழியாகத் திரும்பி வந்து, சோனகதெருவில் தகப்பனின் காணியில் குடியேறியும்விட்டார். இப்போது கரடி சொல்கிறது, அவர் இன்னும் வீடு திரும்பவில்லையாம்.

“என்ன அண்ணை, பேயறைஞ்ச மாதிரி இருக்கிறியள்?” என்று கேட்டான் செந்தூரன். அவனுடைய ஓட்டோவின் பின் சீற் கழற்றப்பட்டு, லாபிரின் மெசினில் பாதி தைத்தபடி கிடந்தது.

“கரம் போர்டைப் பூட்டிப்போட்டாங்கள் தம்பி.”

“அட, நான் என்னவோ ஏதோ எண்டு பயந்திட்டன். விளையாட்டுத்தானே? நீங்கள் சீற்றைத் தையுங்கோ.”

விளையாட்டுத்தான். செந்தூரனுக்கு அவ்வளவுதான் தெரியும். லாபிரின் மனைவி நிலூபாவுக்கும் அவ்வளவுதான் தெரியும், அல்லது அவ்வளவுதான் தெரிந்ததாக அவள் காட்டிக்கொண்டாள். எதிர்ப்பக்கத்தில் இருந்து ஆடியது யார் என்பது லாபிருக்கும், அல்லாஹ்வுக்கும், எதிர்ப்பக்கத்தில் இருந்தவனுக்கும் மட்டும்தான் தெரியும்.

அது அவருடைய மகன் றிஷாத்.

யாழ்ப்பாணம் திரும்புவதற்காக லாபிர் புத்தளத்து வீட்டை விற்றபோது, “அது உங்கடை ஊர் வாப்பா. என்ரை ஊர் இதுதான்,” என்றான் றிஷாத். “அப்ப இஞ்சையே கிட. இனி என்ரை முகத்திலை முழிக்காதை,” என்றார் லாபிர். இரண்டு பேரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். பிடிவாதத்தில் தகப்பனும் பிள்ளையும் ஒரே அச்சு. தாயோடு மட்டும் அவன் போனில் கதைப்பான். விற்ற அதே வீட்டின் முன்னறையை, வாங்கின ஆளிடமே வாடகைக்கு எடுத்து, போன் திருத்துகிற கடை போட்டிருக்கிறான் என்று நிலூபா ஒருநாள் சுவரைப் பார்த்துச் சொன்னாள். லாபிரும் சுவரைப் போலவே கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகொரு மத்தியானம் லாபிரின் போனில் ஜொலிபஸார் மணியடித்தது. றிஷாத் கரம் ஆடக் கூப்பிடுகிறான். விரல் தவறிப் பட்டதோ, வேண்டுமென்று தொட்டானோ, லாபிர் கேட்கவில்லை. கேட்கவும் வழியில்லை. அந்தக் கரத்தில் ஆடுகிறவர்கள் கதைக்க முடியாது. கடைக்காரன் எழுதிவைத்த வசனங்களில் ஒன்றை அமத்தலாம். ‘அருமையான அடி!’, ‘மன்னிக்கவும்’, ‘சீக்கிரம் ஆடவும்’, ‘இன்னொரு ஆட்டம்?’ அவ்வளவுதான். இந்தத் தகப்பனுக்கும் மகனுக்கும் அதுவே தாராளம். லுஹர் தொழுது சாப்பிட்ட பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு போர்ட். பெருநாளன்று றிஷாத் ‘இன்னொரு ஆட்டம்?’ என்று திரும்பத் திரும்ப அனுப்பினான். லாபிர் அதைப் பெருநாள் வாழ்த்தாக எடுத்துக்கொண்டார். அவன் குறி தவறித் தவறி ஆடின ஒரு கிழமை, “அவனுக்குக் காய்ச்சலோ?” என்று வாய்தவறிக் கேட்டுவிட்டார். “ஆருக்கு?” என்று நிலூபா திரும்பினாள். “செந்தூரனுக்கு,” என்று சமாளித்தார்.

பாதி ஆட்டத்தில் ஒருவர் காணாமற் போனால் மற்றவருக்கு என்ன தெரியும் என்பதும் லாபிருக்குத் தெரியும். ஒருமுறை றிஷாத்தின் பக்கம் சிக்னல் அறுந்தபோது பார்த்திருக்கிறார். சிவந்த முகம் ஒன்று பல்லை நறும்பிக்கொண்டு வரும். கீழே, ‘உங்கள் எதிராளி கோபித்துக்கொண்டு வெளியேறிவிட்டார்’ என்று எழுத்து ஓடும். அடுத்த மத்தியானம் ‘மன்னிக்கவும்’ வந்து சேரும்வரை லாபிருக்குச் சோறு தொண்டையால் இறங்கவில்லை. இப்போது அந்தச் சிவந்த முகம் புத்தளத்தில் பல்லை நறும்பிக்கொண்டிருக்கும். இங்கிருந்து ‘மன்னிக்கவும்’ அனுப்ப ஒரு வழியும் இல்லை. போனை எடுத்து இரண்டு சொல் கதைத்தால் முடிகிற விசயம்தானே என்று நீங்கள் சொல்வீர்கள். லாபிரைத் தெரியாதபடியால் சொல்கிறீர்கள்.

அவர் கரடியிடம் போனார். உங்கள் பிரச்சினையைத் தெரிவுசெய்யுங்கள் என்றது கரடி. ‘எனக்கு மகிழ்ச்சி போதவில்லை’, ‘எனக்கு மகிழ்ச்சி அதிகமாகிவிட்டது’, ‘என் மகிழ்ச்சியை நண்பர்களோடு பகிர விரும்புகிறேன்’ என்று மூன்று பிரச்சினைகள் இருந்தன. உலகத்தில் வேறு பிரச்சினைகள் இல்லை என்று கடை முடிவெடுத்திருந்தது. லாபிர் முதலாவதைத் தொட்டார். கரடி ஒரு பகிடி சொன்னது. இரண்டாவதைத் தொட்டார். மகிழ்ச்சியைக் குறைக்க அதே பகிடியை இன்னொரு தரம் சொன்னது. “மனிசரோடை கதைக்கோணும் எண்டு எழுதுங்கோ அண்ணை,” என்று செந்தூரன் சொல்லிக் கொடுத்தான். அப்படி எழுதியதும் ஷெரோன் என்ற மகிழ்ச்சிப் பொறுப்பாளர் எழுத்தில் வந்தார்.

“வணக்கம் வீரரே. உங்களை நீங்கள்தான் என்று உறுதிப்படுத்துவோம். உங்கள் சொந்த ஊர் எது?”

அங்கேதான் இடறியது. கணக்குத் திறந்தது புத்தளத்தில். திறந்து கொடுத்தவன் றிஷாத், அப்போது பள்ளிக்கூடப் பெடியன். என்ன எழுதினானோ! புத்தளத்தில் இருந்த காலம் முழுக்க லாபிரை யாழ்ப்பாணத்து அகதி என்றார்கள். யாழ்ப்பாணம் வந்த நாளிலிருந்து புத்தளத்து ஆள் என்கிறார்கள். அவர் யோசித்து, ‘புத்தளம்’ என்று எழுதினார். தவறு. ‘யாழ்ப்பாணம்’ என்று எழுதினார். தவறு. “தெருவைப் போட்டுப் பாருங்கோ,” என்றான் செந்தூரன். ‘சோனகதெரு’ என்று எழுதினார்.

“மன்னிக்கவும் வீரரே. உங்கள் வாய்ப்புகள் முடிந்துவிட்டன. தன் சொந்த ஊரே தெரியாத ஒருவரிடம் கணக்கைக் கையளிப்பது, அந்தக் கணக்கின் உண்மையான சொந்தக்காரருக்கு நாங்கள் செய்யும் துரோகம்.”

“நான்தான் ஐயா சொந்தக்காரன்.”

“சொந்தக்காரர் வந்தாலும் அப்படித்தான் சொல்வார். அதனால்தான் நாங்கள் அதை நம்புவதில்லை. இன்றைய உரையாடலுக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?”

வேறு பெயரில் புதுக் கணக்குத் திறந்து பார்த்தார். தேத்தண்ணி ஆறுவதற்குள் அதையும் பூட்டிவிட்டார்கள். லாபிர் என்ற வீரரைப் போல அவர் நடிக்கிறாராம்.

அடுத்ததாக ஜெசிதா என்ற மூத்த மகிழ்ச்சிப் பொறுப்பாளர் வந்தார். இவர் இரக்கமானவர். “நீங்கள் வீடு திரும்பிவிட்டதாகச் சொல்கிறீர்கள். அப்படியானால் உங்கள் வீட்டின் முன் நின்று ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்,” என்றார். லாபிர் தலை வாரி, பெருநாள் சேர்ட் போட்டு, வீட்டின் முன் போய் நின்றார். வீடு என்றால் இரண்டு அறைக்குக் கூரை போட்டாயிற்று. மிச்சச் சுவர்கள் இன்னும் நெஞ்சளவுதான். நிலூபா படம் பிடித்தாள்.

“இஞ்சேருங்கோ, ஆருக்கு இந்தப் படம்? பொம்பிளை பாக்கிறியளோ?”

“வாயைப் பொத்திக்கொண்டு அமத்து.”

பதில் வந்தது. “அன்பார்ந்த வீரரே, எமது முறைமை உங்கள் படத்தை நுணுகி ஆராய்ந்தது. பின்னால் இருப்பது ‘இடிபாடு’ என்றும், முன்னால் நிற்பவர் ‘சுற்றுலாப் பயணி’ என்றும் இனங்காணப்பட்டுள்ளது. உங்கள் சுற்றுலா இனிதாக அமைய வாழ்த்துகிறோம்.”

“இது இடிபாடு இல்லை பிள்ளை. கட்டிக்கொண்டிருக்கிறன்,” என்று எழுதினார் லாபிர்.

“இடிந்துகொண்டிருப்பதற்கும் கட்டிக்கொண்டிருப்பதற்கும் படத்தில் வித்தியாசம் தெரிவதில்லை வீரரே. முறைமை அதிகம் பார்த்ததை வைத்துத்தான் முடிவெடுக்கும்.”

“அப்ப நான் ஒரு முறைப்பாடு குடுக்கோணும்.”

“தாராளமாக. ஆனால் பெருமையோடு ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் கடையில் ஒரு கணக்குக்கூடத் தவறாகப் பூட்டப்பட்டதில்லை. அப்படி ஒரு முறைப்பாடு இன்றுவரை வந்ததே இல்லை. முறைப்பாட்டுப் பக்கம் உங்கள் கணக்குக்குள் இருக்கிறது; உள்ளே வந்து எழுதுங்கள்.”

இதற்கிடையில் செந்தூரனின் சீற் தைபடவே இல்லை. ஊசி ஏறின இடத்தில் அப்படியே நின்றது. “ஆக்களை ஏத்தேலாமல் கிடக்கு அண்ணை. சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம்தான் ஏத்துறன். வெங்காயம் சீற் கேக்காது,” என்றான் அவன். கோபமாகச் சொல்லவில்லை, லாபிரின் முகத்தைப் பார்த்தபின் அவனுக்குக் கோபம் வரவில்லை. மனிசன் மத்தியானச் சாப்பாட்டுப் பாசலைப் பிரித்து வைத்துக்கொண்டு, பூட்டின போனைப் பார்த்தபடி இருந்தார். இந்த நேரத்துக்கு அங்கே றிஷாத்தும் பார்ப்பான். சிவப்பைப் போட்ட கையோடு எழும்பிப் போன தகப்பனைப் பற்றி என்ன நினைப்பான்? நினைக்க நினைக்க லாபிருக்கு அழுகை வந்தது. தும்மல் என்று சொல்லித் துவாயால் துடைத்தார்.

கடைசியில் குரலில் கதைக்கிற ஒருவர் கிடைத்தார். சாருஜா, மகிழ்ச்சிப் பிரிவின் மேலதிகாரி. லாபிர் நடந்ததை எல்லாம் சொல்லி முடித்தார். முடிக்கும்போது குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

“வீரரே, உங்கள் குரலில் கோபம் கேட்கிறது,” என்றார் சாருஜா. “கோபமாக இருப்பவர்களோடு கதைக்க எங்களுக்கு அனுமதி இல்லை. கோபம் இல்லாதவர்கள் எங்களுக்கு அழைப்பு எடுப்பதும் இல்லை. அதனால்தான் எங்கள் பிரிவு இவ்வளவு அமைதியாக இயங்குகிறது. தலைமையகத்தில் இதற்காக எங்களுக்கு ஒரு கேடயம்கூடத் தந்தார்கள்.”

“எனக்குக் கோவம் இல்லைப் பிள்ளை,” என்றார் லாபிர், பல்லைக் கடித்துக்கொண்டு, குழந்தைக்குத் தாலாட்டுப் பாடுகிற குரலில். “என்ன செய்யோணும் எண்டு மட்டும் சொல்லுங்கோ.”

“வீடு திரும்பல் நடைமுறை என்று ஒன்று இருக்கிறது. கணக்கில் பதிவான வீட்டுக்கு நீங்கள் நேரில் செல்ல வேண்டும். அங்கே நின்று ‘வந்துவிட்டேன்’ என்பதை அழுத்த வேண்டும். பிறகு உங்கள் நண்பர் பட்டியலில் உள்ள ஒருவர் உங்கள் பக்கத்தில் நின்று, உங்கள் சொந்த ஊரை உங்களுக்காகச் சொல்ல வேண்டும்.”

“பதிவான வீடு நான் வித்த வீடு. அதிலை இப்ப… என்ரை பட்டியலிலை ஒராள்தான் இருக்கு.”

“ஒருவர் போதும் வீரரே. நாங்கள் இரக்கமற்றவர்கள் அல்லர்.”

லாபிர் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள், “சீற் தைக்க றெக்சின் துணி எடுக்கப் போறன்,” என்று சேர்ட்டை மாட்டினார்.

“எங்கை?”

“புத்தளம் பக்கம்.”

“புத்தளத்திலையோ றெக்சின் விளையுது?” என்றாள் நிலூபா. பருத்தித்துறை வடை ஒரு பாசல் கட்டி, வழியில் பசித்தால் சாப்பிடச் சொல்லிக் கையில் கொடுத்தாள். அந்த வடை கல்லுப் போல இருக்கும். லாபிருக்குக் கடைவாய்ப் பல் இரண்டு பக்கமும் இல்லை. வீட்டில் அந்த வடைக்கு உயிரை விடுகிறவன் ஒருத்தன்தான் இருந்தான். இதையெல்லாம் லாபிர் பஸ் வவுனியா தாண்டிய பிறகுதான் யோசித்தார்.

புத்தளத்தில் இறங்கியபோது வெயில் உச்சியில் நின்றது. தெரு மாறவில்லை. வீட்டின் முன்னறை யன்னலை உடைத்துக் கண்ணாடி போட்டு, போன் படங்கள் ஒட்டியிருந்தது. லாபிர் எதிர்ப்பக்கத்துத் தேத்தண்ணிக் கடை நிழலில் ஒதுங்கினார். தன் திட்டத்தை மனதுக்குள் இன்னொருமுறை சரிபார்த்தார். இங்கேயே நின்று அமத்துவது. திறந்தால் ஒரு ‘மன்னிக்கவும்’ அனுப்புவது. அடுத்த பஸ்ஸைப் பிடிப்பது.

‘வந்துவிட்டேன்’ என்பதை அமத்தினார்.

“நீங்கள் இன்னும் வீட்டை அடையவில்லை. நேரே செல்லவும்,” என்றது கரடி.

கண்ணாடிக்குள் றிஷாத் தெரிந்தான். மெலிந்திருந்தான். சோற்றுப் பாசலைப் பிரித்து வைத்து, முன்னால் தண்ணீர்க் கிளாசில் போனைச் சாய்த்து வைத்திருந்தான். இடக்கையால் ஒருமுறை தொட்டான், காத்திருந்தான், போனைக் குப்புறக் கவிழ்த்தான். இரண்டு வாய் சோறு தின்றான். திரும்பவும் நிமிர்த்தித் தொட்டான்.

லாபிர் தெருவைக் கடந்து மதிலடியில் நின்று அமத்தினார். “இன்னும் சற்று முன்னே,” என்றது கரடி. வாசற்படியில் நின்று அமத்தினார்.

“நீங்கள் வாசலில் நிற்கிறீர்கள். வாசல் வீடாகாது. உள்ளே செல்லவும்.”

லாபிர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்தார். போன் எக்காளம் ஊதியது. திரையெல்லாம் வண்ணக் கடதாசி பறந்தது. “வாழ்த்துக்கள் வீரரே! நீங்கள் வீடு வந்து சேர்ந்துவிட்டீர்கள்!” என்று ஒரு பெண்குரல் தெருவுக்கே கேட்கக் கத்தியது.

றிஷாத் சோற்றுக் கையோடு எழும்பினான். “வாப்பா?”

“அஸ்ஸலாமு அலைக்கும். நான் இந்தக் கரம் விசயமா வந்தனான்.”

“வஅலைக்குமுஸ்ஸலாம்,” என்றான் அவன். பிறகு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சோற்றைப் பார்த்தான். “நீங்கள் கோவிச்சுக்கொண்டு போட்டியள் எண்டு நினைச்சன். சிவப்பைப் போட்டிட்டும் எழும்பிப் போறாரே, அவ்வளவு கோவமோ எண்டு…”

“நான் போகேல்லையடா. என்னைப் பூட்டிப்போட்டாங்கள்.”

அவன் கையைக் கழுவிவிட்டு வந்து தகப்பனின் போனை வாங்கினான். “சொந்த ஊர் கேக்குது வாப்பா.”

“எல்லா ஊரும் போட்டுப் பாத்திட்டன். நீதானே அண்டைக்கு எழுதினனீ, என்னத்தையடா எழுதினாய்?”

றிஷாத் யோசித்தான். மெல்ல அவன் முகம் கோணியது. சிரிப்பை அடக்கப் பார்க்கிறான் என்பது லாபிருக்குக் கொஞ்சம் பிந்தித்தான் விளங்கியது.

“நீங்கள் சொன்னதைத்தான் எழுதினன். உந்த மூலையிலைதான் மெசினிலை இருந்தனீங்கள். ‘வாப்பா, சொந்த ஊர் எதெண்டு கேக்குது’ எண்டன். நீங்கள் தலை நிமிராமல், ‘ஊரைக் கேட்டு என்ன கிழிக்கப் போறாங்களாம்?’ எண்டனீங்கள். அதை அப்பிடியே அடிச்சன்.”

புத்தளத்தில் இருந்த காலத்தில் ஊர் கேட்ட எல்லாருக்கும் லாபிர் அந்தப் பதிலைத்தான் சொன்னார். மகிழ்ச்சிப் பிரிவுக்கு மட்டும்தான் மரியாதையாக வேறு பதில் சொல்லித் தொலைத்தார்.

றிஷாத் அந்த வசனத்தை எழுத்துக்கூட்டி அடித்தான். கணக்குத் திறந்தது. பழைய ஆட்டம் விட்ட இடத்திலேயே நின்றது. சிவப்பு குழிக்குள், முறை லாபிருடையது. இரண்டு தலையும் ஒரு போனுக்கு மேல் குனிந்தன. லாபிர் குறி பார்த்து விரலை வைத்தார்.

கரடி வந்தது.

றிஷாத் வாசித்தான். “அன்பார்ந்த வீரர்களே! உங்கள் இருவரது தொலைபேசிகளும் ஒரே கூரையின் கீழ் இருப்பதையும், ஒருவரது சொந்த ஊரை மற்றவர் பிழையின்றி அறிந்திருப்பதையும் எமது முறைமை கண்டறிந்துள்ளது. நீங்கள் இருவரும் ஒரே வீட்டைச் சேர்ந்தவர்கள் என்பது இத்தால் உறுதிசெய்யப்படுகிறது. ஒரே வீட்டார் தமக்குள் ஆடுவது கடையின் விதிகளுக்கு முரணானது. இரு கணக்குகளும் நிரந்தரமாகப் பூட்டப்படுகின்றன. இம்முடிவுக்கு மேன்முறையீடு கிடையாது.”

கரடி கையாட்டிவிட்டுப் போனது. லாபிர் வடைப் பாசலை மேசையில் வைத்தார். “உம்மா தந்துவிட்டவ. எனக்குக் கடிக்கப் பல்லில்லை.” பிறகு, “அந்த நடு வரியைத் திருப்பி ஒருக்கா வாசி,” என்றார்.

“நீங்கள் இருவரும் ஒரே வீட்டைச் சேர்ந்தவர்கள் என்பது இத்தால் உறுதிசெய்யப்படுகிறது.”

“அதுக்கு அப்பீல் ஒண்டும் இல்லையாமோ?”

“இல்லையாம் வாப்பா.”

“சரி,” என்றார் லாபிர். அந்தக் கடையின் முடிவு ஒன்றுக்கு அவர் மறுபேச்சுப் பேசாதது அதுதான் முதல் தடவை.